சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அழகரைத் துரத்த வேண்டாம்

கேள்வி இதுதான்: கோவையிலிருந்து ஒரு குடும்பம், மூட்டு வலி உள்ள 68 வயது அம்மா, 7 வயதுப் பையன். சித்திரைத் திருவிழாவை ஒட்டி 4 நாள் மதுரையில் தங்கப் போகிறார்கள். அழகர்கோவில் பெருமாளான கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், வெயிலையும் சமாளிக்க வேண்டும், ஊரைச் சுற்றி வெளியே போகவும் நல்ல இடம் வேண்டும்.

முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். சித்திரைத் திருவிழா என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் இது இரண்டு கோவில்களின் திருவிழா. மீனாட்சியம்மன் கோவிலில் கொடியேறி எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர். அழகர்கோவில் திருவிழா தனிக் கணக்கு. அழகர் சித்ரா பௌர்ணமியை வைத்துக்கொண்டு மலையை விட்டுக் கிளம்புகிறார். இரண்டும் சில வருடங்களில் ஒட்டி வரும், சில வருடங்களில் இடைவெளி விழும். 2024இல் கல்யாணம் ஏப்ரல் 21, தேர் 22, ஆற்றில் இறங்கியது 23. மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. 2025இல் கல்யாணம் மே 8, தேர் 9, ஆற்றில் இறங்கியது 12. "தேருக்கு மறுநாள் அழகர்" என்று யாரோ சொன்னதை நம்பி ரயில் டிக்கெட் போட்டவர்கள் அந்த வருடம் நடுவில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதனால் கோவில் அழைப்பிதழ் வெளியான பிறகு அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

உங்கள் 4 நாளுக்குள் கல்யாணம், தேர், எதிர்சேவை (ஊருக்கு வரும் அழகரை எதிர்கொண்டு அழைப்பது), ஆற்றில் இறங்குதல் நான்கும் அடங்கினால் அதிர்ஷ்டம். அடங்காவிட்டால் எதை விடுவது? என்னைக் கேட்டால் கல்யாணத்தை விடுங்கள். மதுரைக்காரன் இப்படிச் சொல்லக்கூடாதுதான். கல்யாணம் கோவிலுக்குள், வடக்கு ஆடி வீதியும் மேல ஆடி வீதியும் சந்திக்கும் இடத்தில் மேடை போட்டு நடக்கிறது. 200 ரூபாய், 500 ரூபாய் கட்டணச் சீட்டு இணையத்தில் முன்பதிவு செய்து வாங்குவார்கள். சீட்டு இல்லாதவர்கள் தெற்குக் கோபுரம் வழியாக விடியுமுன்பே வரிசையில் நிற்பார்கள். உள்ளே போய்விட்டால் மூன்று நான்கு மணி நேரம் எழுந்து வெளியே வர முடியாது. மூட்டு வலிக்காரர்களுக்கு அது தண்டனை. அதற்குப் பதில் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பெரிய திரை வைத்துக் காட்டுவார்கள், அங்கே நின்றால் போதும். தாலி கட்டும் நேரத்தில் திரைக்கு முன்னால் நிற்கிற பெண்கள் எல்லோரும் அப்படியே தங்கள் கழுத்தில் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி இன்னொருத்திக்கு முடிச்சுப் போட்டுவிடுவாள். மேடையை விட எனக்கு அதுதான் கல்யாணம். முடிந்ததும் கல்யாண விருந்து உண்டு, மொய் எழுதவும் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள், 50, 100 என்று எழுதி ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

அன்று இரவு யானை வாகனத்தில் சுவாமி சுந்தரேசுவரரும் பூப்பல்லக்கில் அம்மனும் மாசி வீதிகளில் வருவார்கள். இதைத் தவற விடாதீர்கள். சொல்லப்போனால், கொடியேற்றத்திலிருந்து ஒவ்வொரு மாலையும் மாசி வீதிகளில் நடக்கிற வாகன உலாதான் குழந்தைகளுக்கு ஏற்ற திருவிழா. கூட்டம் இருக்கும், நெரிசல் இருக்காது. சாமிக்கு முன்னால் யானை, முரசு சுமக்கும் டங்கா மாடு, கோலாட்டம், அப்புறம் கையில் கிளியோடு மீனாட்சி வேடம் போட்ட சின்னப் பெண்கள். அதில் ஒன்று பாதி வழியில் தூங்கி அப்பா தோளில் கிடக்கும், கிரீடம் மட்டும் அம்மா கையில் வரும். ஒன்பதாம் நாள் உங்களுக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. அம்மன் எட்டுத் திசைக் காவலர்களோடும் போர் செய்கிற திக்விஜயத்தை வீதியிலேயே நடத்திக் காட்டுவார்கள். 7 வயதுப் பையனுக்கு வில்லும் அம்பும் போதும்.

இங்கே ஒரு வேடிக்கை. சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். வெளியூர்க்காரர்கள் சித்திரை வீதியில் போய் நின்றுகொண்டு "தேர் எங்கே?" என்று கேட்பதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். முன்பு அம்மன் கல்யாணமும் தேரும் மாசி மாதத்தில் நடந்தன, அதனால் தேர் ஓடும் வீதிக்கு மாசி வீதி என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் நடந்துகொண்டிருந்த அழகர் திருவிழாவை மதுரைக்குக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்தார் என்று சொல்வார்கள். மாதம் மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை.

தேர் காலை ஆறரை வாக்கில் கீழமாசி வீதித் தேரடியில் கிளம்பும். பெரிய தேரில் சுவாமியும் பிரியாவிடை அம்மனும், பின்னால் சின்னத் தேரில் மீனாட்சி. சுற்றி வந்து நிலைக்கு நிற்க உச்சி நேரம் ஆகலாம். நிற்கிற இடம் முக்கியம். மேலமாசி வீதி தெற்கு வடக்காகப் போகிறது, காலையில் அதன் கிழக்குப் பக்கக் கட்டடங்கள் நிழல் தரும். அந்தப் பக்கமாக, வீதியின் நடுப்பகுதியில் ஏதாவது ஒரு கடை வாசல் படியைப் பிடித்து அம்மாவை உட்கார வையுங்கள். கடைக்காரர்கள் அன்று யாரையும் எழுப்ப மாட்டார்கள், தண்ணீர் கூடக் கொடுப்பார்கள். வீதி முனைகளில் மட்டும் நிற்க வேண்டாம். தேர் திரும்பும்போது வடம் ஒரு பக்கமாக வீசும், கூட்டம் அந்தப் பக்கம் சாயும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கத்துகிற கத்தலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. தேர் போன பிறகு வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், வடம் முன்னால் வரும், தேர் பின்னால் வரும். தொட வேண்டுமென்றால் தேர் நிற்கிற நேரத்தில் போலீஸ்காரரைக் கேட்டுத் தொடுங்கள்.

சரி, அழகருக்கு வருவோம்.

ஆற்றில் இறங்குவதைப் பார்க்க எல்லோரும் செய்வது என்ன? நடு இரவில் எழுந்து குளித்து, இரண்டு மூன்று மணிக்கு வைகைக் கரையில் ஆழ்வார்புரம் பக்கம் போய் நிற்பது. அவர் வெளிச்சம் வருகிற வேளையில், 6 மணியை ஒட்டித் தங்கக்குதிரையில் ஆற்றுக்கு வருவார். பல லட்சம் பேர் கூடும் இடம். இறங்கும் இடத்தைச் சுற்றித் தடுப்பு, அதற்குள் அனுமதிச் சீட்டு உள்ளவர்கள். மற்றவர்களுக்குப் பாலத்திலிருந்தும் கரையிலிருந்தும் தூரத்தில் ஒரு தங்கப் புள்ளி தெரியும். சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து வந்த என் சித்தப்பா குடும்பத்தை நான் கூட்டிப் போனேன். மூன்று மணி நேரம் நின்றோம். அழகர் வந்த அந்த ஒரு நிமிடம் எங்கள் முன்னால் ஐம்பது செல்போன்கள் உயர்ந்தன, சித்தி பார்த்தது முன்னால் நின்றவரின் செல்போன் திரையில்தான். சித்தப்பாவின் ஒரு செருப்பு வைகையோடு போய்விட்டது. "டிவியில பார்த்திருந்தா பட்டு என்ன கலர்னாவது தெரிஞ்சிருக்கும்" என்றார். வருத்தம் சிரிப்புக்குரியதாக முடிந்தது, நல்லவேளை. 2022இல் அதே கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 2 பேர் உயிரிழந்தார்கள். 7 வயதுப் பையனையும் நடக்கச் சிரமப்படும் அம்மாவையும் அந்த விடியற்காலையில் ஆற்றுக்கு அழைத்துப் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

அப்படியானால் அழகரைப் பார்க்க வேண்டாமா? பார்க்கலாம், பத்து அடி தூரத்தில் பார்க்கலாம். அவர் எங்கே இறங்கப் போகிறார் என்று தேடிப் போகாமல் அவர் வருகிற வழியில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு 21 கிலோமீட்டர். மாலையில் மலையை விட்டுக் கிளம்புவார். காலில் செருப்பு, கையில் வளரித்தடி, தலையில் கொண்டை என்று கள்ளர் கோலம். கிளம்புமுன் பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்றுக்கொண்டு, பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று இரவெல்லாம் வந்து மறுநாள் காலை மூன்றுமாவடியில் ஊருக்குள் நுழைவார். மதுரை மக்கள் அங்கே போய் எதிர்கொண்டு அழைப்பதற்குத்தான் எதிர்சேவை என்று பெயர். மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் பெருமாள் கோவில் வரை சாதாரணமாக நடந்தால் ஒரு மணி நேரம் சொச்சம். அழகருக்கு ஒரு முழுப் பகல் ஆகும், இரவும் கொஞ்சம் ஆகும். காரணம் மண்டகப்படிகள். வழியெல்லாம் கல் மண்டபமும் ஓலைப் பந்தலுமாக, ஒவ்வொரு சாதியார், ஒவ்வொரு குடும்பம், ஒவ்வொரு தெருக்காரர் என்று உரிமை உள்ளவர்கள் பந்தல் போட்டுக் காத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் அவர் உள்ளே போய்த் தீபாராதனை பெற்றுத்தான் அடுத்ததற்கு நகர்வார். ஆக, புதூரிலோ ரிசர்வ் லைன் பக்கமோ ஒரு மண்டகப்படிக்கு அருகில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் அவரே உங்களிடம் வந்து, நின்று, திரும்பி, முகம் காட்டிவிட்டுப் போவார்.

அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வழி களைகட்டும். முதலில் உண்டியல் வண்டிகள் வரிசையாகப் போகும். மாட்டு வண்டியில் உண்டியல், பக்கத்தில் போலீஸ். அப்புறம் கருப்பசாமி வேடக்காரர்கள். தலையில் உருமா, இடுப்பில் சல்லடம், சலங்கை, கையில் தீப்பந்தம். சிலர் தோளில் ஆட்டுத்தோல் பை தொங்கும், அதன் வாயில் ஒரு சின்னக் குழாய். தண்ணீரை நிரப்பி, பையை அக்குளில் இடுக்கி அழுத்தினால் குழாயிலிருந்து கயிறு மாதிரி நீர் பாயும். வெயிலில் வருகிற அழகரைக் குளிர்விப்பது நேர்த்திக்கடன். இந்தத் தோல் பையை விரதம் இருந்து எடுக்கிறவர்கள் அதில் வாசனைத் தண்ணீர் கலப்பதுண்டு. மோட்டார் பம்பு வைத்து அடிக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் அங்கங்கே ஒன்றிரண்டு தென்படும், அதைக் கண்டால் குழந்தையை இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே வாழை இலை வைத்துக் கட்டி, அதில் சூடமோ நெய்த்திரியோ ஏற்றி ஏந்தி நிற்பார்கள். அழகர் கடந்ததும் அந்தச் சர்க்கரையைச் சுற்றி நிற்கிறவர்களின் கையில் கொட்டுவார்கள். உங்கள் பையன் கையிலும் விழும். கை பிசுபிசுக்கும், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

காலை 6 மணிக்கு மூன்றுமாவடி அழகாக இருக்கும், ஆனால் அங்கே கூட்டம் முட்டும். நடுப்பகலில் எங்கே நின்றாலும் தார் கொதிக்கும். உங்களுக்கு நான் சொல்வது மாலை நாலரைக்கு மேல் ரிசர்வ் லைனுக்கும் அவுட்போஸ்ட்டுக்கும் இடைப்பட்ட வழி. சாலை அகலம், ஒதுங்க இடம் இருக்கிறது, வெயில் இறங்கியிருக்கும், நீர்மோரும் பானகமும் பத்தடிக்கு ஒருவர் கொடுப்பார்கள். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுபோனால் அம்மாவுக்கு அதுவே சிம்மாசனம்.

இரவு தல்லாகுளம் பெருமாள் கோவிலில் திருமஞ்சனம் முடிந்து, திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூட்டிக்கொண்டு, நள்ளிரவுக்கு மேல் தங்கக்குதிரை ஏறுவார். என்ன நிறப் பட்டு கட்டிக்கொண்டு வருகிறார் என்பதில் ஊரே கண்ணாக இருக்கும். பச்சை என்றால் மழை, விளைச்சல் என்று கிராமத்து ஜனங்களுக்கு நிம்மதி. உங்கள் வீட்டில் வலுவான ஒருவர் மட்டும் இந்த நேரத்தில் தல்லாகுளம் போய்வரலாம். மற்றவர்கள் தூங்கட்டும், விடியற்காலையில் அறையில் தொலைக்காட்சியைப் போட்டு நேரலையில் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, மதுரையில் பாதி வீடுகளில் பாட்டிமார் அப்படித்தான் பார்க்கிறார்கள். டிவிக்கு முன்னால் சூடம் காட்டுவார்கள்.

வைகையில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருவிழாவுக்காக வைகை அணையிலிருந்து திறந்து விடுவார்கள், அதனால் அன்று ஆற்றில் தண்ணீர் ஓடும். அது குளிப்பதற்கான தண்ணீர் இல்லை. கரையோரம் பள்ளம் தெரியாது, பையனை இறக்காதீர்கள்.

ஆற்றில் இறங்கியதோடு திருவிழா முடிந்தது என்று எண்ணி வெளியூர்க் கூட்டம் அன்று மத்தியானமே பஸ் ஏறிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு வந்த அண்ணன், கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர் போய்விட்டார் என்பது ஊர்க்கதை. கோவில்காரர்கள் சொல்லும் காரணம் வேறு. துர்வாசர் சாபத்தால் தவளையாகிக் கிடந்த மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்க வந்தார் என்பார்கள். இரண்டையும் மதுரைக்காரன் ஒரே மூச்சில் நம்புவான். மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் அந்த விமோசனம் நடக்கும், இரவு வைகை வடகரையில் உள்ள ராமராயர் மண்டகப்படிக்கு வந்து சேர்வார். அங்கே விடிய விடியத் தசாவதாரம். முத்தங்கி, மச்சம், கூர்மம், வாமனன், ராமன், கிருஷ்ணன், கடைசியில் மோகினி என்று ஒவ்வொரு அலங்காரமாக மாற்றித் திரையை விலக்குவார்கள். இரண்டு அலங்காரத்துக்கு நடுவில் ஒரு மணி நேரம் போல ஆகும். மக்கள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள், குழந்தைகள் தூங்கும், திரை விலகுகிற நேரம் மட்டும் யாரோ தட்டி எழுப்புவார்கள். கிராமங்களிலிருந்து வந்தவர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்துப் பாய்க்காரருக்கும் ஒரு கை வைப்பார்கள். இரவு என்பதால் வெயில் கிடையாது, ஆற்றுக் காற்றும் கொஞ்சம் வரும். நடக்கத் தேவையில்லை, உட்கார்ந்தால் போதும் என்பதால் உங்கள் அம்மாவுக்கு நான் பரிந்துரைக்கிற இரவு இதுதான். நாலாவது நாளை இதற்கு ஒதுக்க முடியுமா பாருங்கள்.

தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. மதுரைக்கு நடுவில் ஆறு. அழகர் இறங்கும் நாளிலும் முந்தைய நாளிலும் கோரிப்பாளையம், வைகை மேல் உள்ள ஏ.வி. பாலம் பக்கமெல்லாம் வண்டியை மறித்துவிடுவார்கள், தென்கரையிலிருந்து வடகரைக்கு ஆட்டோ கிடைக்காது, கிடைத்தாலும் ஊரைச் சுற்றி எங்கேயோ இறக்கிவிடும். ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் விடுதிகள் நிறைய, கோவிலுக்கும் தேருக்கும் நடந்தே போகலாம். அழகருக்கு அது தூரம். முதல் இரண்டு நாள் அங்கே, கடைசி இரண்டு நாள் தல்லாகுளம், அண்ணா நகர், கே.கே. நகர் என்று வடகரையில், இப்படிப் பிரித்துத் தங்கினால் அலைச்சல் பாதியாகும். திருவிழா நாட்களுக்கு அறை வாடகை ஏறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சொந்தக் கார் கொண்டுவந்தால் விடுதியில் நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள்.

இனி வெயில். ஏப்ரல் கடைசி, மே என்றால் 38, 39 டிகிரி இங்கே சாதாரணம், 40ஐத் தாண்டுகிற நாளும் உண்டு. மே 4 வாக்கில் கத்திரி வேறு தொடங்கும். இந்த ஊரில் வெயில் காலத்துக்கு இரண்டு பொழுதுதான்: காலை ஒன்பதுக்குள், மாலை ஐந்துக்கு மேல். நடுவில் நாங்களே வெளியே வருவதில்லை. மீனாட்சி கோவிலும் மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், சாமியே ஓய்வெடுக்கிறது. கோவிலுக்குள் செல்போன் கூடாது, 2018 தீ விபத்துக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதனால் உள்ளே பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பொற்றாமரைக் குளத்துப் படி நல்ல அடையாளம். வெறுங்காலோடு வெளிப் பிரகாரத்தில் நடக்கும்போது தண்ணீர் தெளித்த விரிப்பை விட்டு விலகாதீர்கள்.

காலை நேரத்துக்கு எங்கே போகலாம் என்றால், என் முதல் விரல் கீழக்குயில்குடி சமணர் மலையை நோக்கி நீளும். ஊருக்கு மேற்கே, தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை போய்த் திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். ஆலமரம், அய்யனார் கோவில், தாமரைக் குளம், அதற்குப் பின்னால் ஒரே பாறையாக மலை. படி வெட்டியிருக்கிறார்கள், பையன் ஓடி ஏறுவான். பாதி வழியில் பேச்சிப்பள்ளம், ஒரு சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. அம்மா ஏற முடியாது, ஆனால் தென்மேற்குப் பக்கம் உள்ள செட்டிப்புடவு கொஞ்சம் படி ஏறினாலே வந்துவிடும். முடியாவிட்டால் ஆலமரத்தடியே போதும். எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள், அதற்கு மேல் பாறை தோசைக்கல்.

அழகர் மலையும் காலை நேரத்து இடம்தான். எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு: அழகர் மதுரையில் இருக்கிற நாட்களில் அவர் ஊருக்குப் போவது. உற்சவர்தான் கிளம்பி வந்திருப்பார், மூலவர் அங்கேயே இருப்பார், கூட்டம் அவர் பின்னால் மதுரையில் இருக்கும். மலைமேல் பழமுதிர்சோலை, அதற்கும் மேல் ராக்காயி அம்மன் கோவிலில் நூபுர கங்கைத் தீர்த்தம். மரம் அடர்ந்த மலை, ஊரை விடக் குளிர்ச்சி தெரியும். குரங்குகள் உண்டு, கையில் பை தெரிந்தால் பறிக்கும், பையன் கையில் பிஸ்கட் கொடுத்து அனுப்ப வேண்டாம். கோவில் தோசையைக் கேட்டு வாங்குங்கள், கனமாக, மொறுமொறுப்பாக, உளுந்து தோலும் மிளகும் சுக்கும் பல்லில் படும். நம் வீட்டுத் தோசையோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான், அதைப் பிரசாதமாகவே சாப்பிட வேண்டும்.

பறவை, பாறை என்று ஆர்வம் இருந்தால் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோவில், குகையில் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து, மேலே வட்டமிடும் வல்லூறு. கடை கண்ணி எதிர்பார்க்காமல் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோய், குப்பையையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். போகிற வழியில் ஒத்தக்கடையில் யானைமலை படுத்திருக்கும், அதைப் பார்த்ததும் பெயர்க்காரணம் யாரும் சொல்ல வேண்டியிருக்காது. கீழடி அருங்காட்சியகம் கட்டடத்துக்குள் என்பதால் பத்து மணிக்கு மேலும் தாங்கும். காந்தி அருங்காட்சியகமும் அப்படித்தான், தமுக்கத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது, வளாகம் முழுக்க மர நிழல். காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பரில் இந்த மதுரையில்தான் என்று பையனுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். குட்லாடம்பட்டி அருவியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கோடையில் பாறைதான் இருக்கும். கோடைக்கானல் ஒரே நாளில் போய்வந்துவிடலாம் என்பவர்களையும் நம்பாதீர்கள். மே மாதம் மலைப்பாதையில் வண்டி நகராது, 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

மாலைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ஆறு மணிக்கு மேல் சுற்றுச் சுவரெல்லாம் குடும்பங்கள். நடு மண்டபத்தைப் பார்த்து உட்கார்ந்தால் காற்று வரும். மகால் கட்ட மண் எடுத்த பள்ளத்தைத்தான் திருமலை நாயக்கர் குளமாக்கினார் என்பார்கள், மீனாட்சி கோவில் முக்குறுணி விநாயகர் கிடைத்ததும் இங்கே தோண்டியபோதுதான் என்பார்கள். வெள்ளரிப் பிஞ்சில் மிளகாய்ப்பொடி தூவித் தருவார்கள், பையனுக்குப் பொடி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் தட்டிவிட்டுத் தருவார்கள், காரம் போகாது.

குடிப்பதற்கு, விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பாதாம் பிசின், நன்னாரி, சுண்டிய பால், மேலே ஐஸ்கிரீம். சாப்பாட்டுக்குப் பதில் அதையே குடித்துவிடலாம், அவ்வளவு கனம். தாகத்துக்கு அது உதவாது, தாகம் இன்னும் கூடும். தாகத்துக்கு நுங்கும் பதநீரும். பதநீரைக் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளிக்கும். திருவிழா வழியில் கொடுக்கிற நீர்மோரை நானும் குடிக்கிறேன். குழந்தைக்கும் அம்மாவுக்கும் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் கொடுப்பேன். அன்னதானத்தில் சூடாக இறக்கும் சாம்பார் சாதத்தைத் தாராளமாக வாங்கலாம், ஆறிப்போன தயிர் சாதத்தை மத்தியானத்துக்கு மேல் தொட வேண்டாம்.

பைக்குள் என்ன வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். பனையோலை விசிறி இங்கேயே கிடைக்கும். தோள்துண்டு இரண்டு, ஒன்று தலைக்கு, ஒன்று உட்கார. செல்போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் உங்கள் போனைப் பார்க்க மாட்டார்கள். அம்மாவின் மாத்திரைச் சீட்டு, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நாலு. நகை வேண்டாம், மெல்லிய சங்கிலி கூட வேண்டாம். தேய்ந்த செருப்பாகப் போடுங்கள், தொலைந்தால் வலிக்காது. பையனின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதிய சீட்டு, நனைந்தாலும் அழியாதபடி பேனாவால் இல்லாமல் பென்சிலால் எழுதி வையுங்கள். சட்டை மாற்றும்போது சீட்டையும் மாற்ற வேண்டும், எங்கள் வீட்டில் ஒரு வருடம் அதை மறந்துவிட்டு, துவைக்கப் போட்ட சட்டையோடு நம்பரும் வாளிக்குள் கிடந்தது.